விசிலுக்கு முந்தைய அரை மணி

அன்று நான் நேர மாற்றத்தை நேரில் சொன்னது ஓர் அணிக்கு மட்டும்தான்.

அல்சூர் பக்கம் ஒரு மைதானம். கல்லூரிகளுக்கிடையே கால்பந்துப் போட்டி. எனக்கு இருபத்துநான்கு வயது. ஃபிக்சர், அதாவது ஆட்ட அட்டவணைப் பொறுப்பு முழுக்க என் கையில். காலையில் முதல் ஆட்டத்துக்கு ஓர் அணி வரவே இல்லை. மைதானம் காலியாகக் கிடந்தது, மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பதினொன்றரை மணி அரையிறுதியைப் பத்தரைக்கு முன்னே இழுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஓர் அணியின் கேப்டன் என் மேஜைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னேன். இன்னோர் அணிக்குச் சொல்லச் சொல்லி, அந்தப் பக்கமாகப் போன ஒரு பையனிடம் சொல்லி அனுப்பினேன். அவன் போனானா, யாரையாவது பார்த்தானா என்று நான் கேட்கவில்லை.

பத்தே முக்காலுக்கு, வந்திருந்த அணிக்கு விதிப்படி வாக்ஓவர் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு மணிக்கு மற்ற அணி பஸ்ஸை விட்டு இறங்கித் தோளில் பூட்ஸைத் தொங்கவிட்டபடி சிரித்துக்கொண்டே வந்தது. பத்து நிமிடத்தில் கார்னர் கொடிக்கம்பு பிடுங்கப்பட்டது. ஒரு பையனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம். நான் விதிப்புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் நின்றேன்.

அன்றைய நடுவர் ஒரு பெரியவர். பொதுத்துறைத் தொழிற்சாலை அணி ஒன்றில் ஆடி ஓய்வு பெற்றவர், கௌதமபுரத்துக்காரர். பெலேவுக்குத் தெருவில் சிலை வைத்திருக்கும் பகுதி அது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகம் போன்றவர்களைக் கொடுத்த ஊர்ப்பக்கத்துக் கால்பந்து அவருடையது. கூட்டத்தை விலக்கிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, யார் அடிச்சதுன்னு அப்புறம் பாக்கலாம். நேரம் மாத்தினதை யாரு, யாருகிட்ட சொன்னது?"

"சொல்லியாச்சு அண்ணே."

"யாருகிட்ட?"

எனக்குப் பதில் இல்லை. என் முழங்கையைப் பிடித்து, பஸ்ஸில் வந்த அணியின் கேப்டன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தப்பு என்னுடையது என்று சொல்லவைத்தார். வாக்ஓவரை ரத்து செய்து, மறுநாள் காலை ஆட்டம் என்று அறிவித்தோம். உடனே வாக்ஓவர் பெற்றிருந்த அணியின் மேனேஜர் என் மேல் பாய்ந்தார். நேரத்துக்கு வந்தது எங்கள் குற்றமா என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். மன்னிப்புக் கேட்டால் எல்லோரும் சமாதானமாகிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அது ஒரு பக்கத்துக் காயத்தை ஆற்றும்போதே இன்னொரு பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கீறும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெரியவரின் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாக வகுப்பு எடுக்கிறேன். பெங்களூரில் விளையாட்டு மேலாண்மை படிக்க வருகிற பிள்ளைகளுக்குப் பூசல்களைக் கையாள்வது, அணியை வழிநடத்துவது ஆகிய இரண்டையும் சொல்லித்தருவது என் வேலை. குடகிலிருந்து ஹாக்கி ஆடியவன் வருவான், மணிப்பூரிலிருந்து கால்பந்து ஆடியவள் வருவாள், ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவனும் உண்டு. பாதிப் பேர் மாவட்ட அளவிலாவது ஆடியவர்கள். களத்தில் கோபத்தைப் பார்த்திருக்கிறார்கள், கோபப்பட்டும் இருக்கிறார்கள். களத்துக்கு வெளியே மேஜைக்குப் பின்னால் நிற்பது மட்டும்தான் அவர்களுக்குப் புதிது.

முதல் வாரத்தில் எல்லா இடத்திலும் செய்வதுபோல ஒரு கேள்வித்தாள் கொடுப்பேன். கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974-இல் உருவாக்கியது. பூசல் வந்தால் ஒருவர் மோதலாம், விட்டுக்கொடுக்கலாம், ஒதுங்கலாம், பாதிக்குப் பாதி பேசி முடிக்கலாம், இருவரும் உட்கார்ந்து சேர்ந்து தீர்க்கலாம். நீங்கள் எந்த வகை என்று அது காட்டும். வகுப்பில் பெரும்பாலோருக்கும் 'சேர்ந்து தீர்ப்பவர்' என்றே விடை வரும். பிறகு அவர்களை ஒரு பள்ளிப் போட்டிக்குத் தன்னார்வலர்களாக அனுப்புவேன். முதல் புரொடெஸ்ட் வந்ததும் அதே பிள்ளைகள் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு மைதானத்தின் மறுமூலைக்குப் போய்விடுவார்கள். "டெக்னிகல் கமிட்டி பாத்துக்கும் சார்" என்பார்கள். இளம் நிர்வாகிகள் முன்கோபிகளாக இருப்பார்கள் என்று வெளியில் ஓர் எண்ணம் இருக்கிறது. நான் பார்த்தவரை அவர்களுடைய நோய் ஒதுங்குவது. நானும் அப்படித்தான் மேஜைக்குப் பின்னால் நின்றேன்.

இந்த ஊரின் பழக்கமும் அதற்குத் துணை. 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்ற வாக்கியம் இல்லாமல் பெங்களூரில் ஒரு நாள் நகராது. பஸ் சீட்டில், கார் நிறுத்துமிடத்தில், வீட்டு வாடகையில் எல்லாம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பது. எனக்கு இந்தப் பண்பு மிகவும் பிடிக்கும். இத்தனை மொழிக்காரர்கள் ஒரே ஊரில் வாழ்வதற்கு அது பெரிய காரணம். ஆனால் மைதானத்தில் அந்த வார்த்தையைச் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே அணிதான் நகர்ந்துகொண்டிருக்கிறது என்றால் அங்கே பூசல் தீரவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

என் பாடத்துக்கு இந்த ஊரே ஒரு பெரிய உதாரணத்தைக் கொடுத்தது. 2023 மார்ச் 3, கண்டீரவா மைதானம். இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நாக்அவுட் ஆட்டத்தில் பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் 90 நிமிடம் கோல் இல்லாமல் ஆடிக் கூடுதல் நேரத்துக்குப் போயின. 96-ஆவது நிமிடத்தில் பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். பந்துக்கு முன்னால் பிளாஸ்டர்ஸ் வீரர் அட்ரியான் லூனா நின்றார், பிறகு நகர்ந்தார். கோல்கீப்பர் தன் இடத்தில் இல்லை. சுனில் சேத்ரி பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் போட்டார். நடுவர் கோல் கொடுத்தார். பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் இவான் வுகொமனோவிச் தன் வீரர்களைக் களத்திலிருந்து வெளியே அழைத்துக்கொண்டு போனார். அவர்கள் திரும்பவில்லை. ஆட்டம் பெங்களூருக்கு வழங்கப்பட்டது. பின்னர் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஒழுங்குக் குழு பிளாஸ்டர்ஸுக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். மேல்முறையீட்டுக் குழுவும் அதை மாற்றவில்லை.

விதி என்ன சொல்கிறது என்பதை மாணவர்கள் முதலில் படிக்க வேண்டும். ஃப்ரீ கிக்கைச் சட்டென்று எடுக்க ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று அவர் கேட்டாலோ, நடுவர் தாமே சுவரை ஒழுங்குபடுத்தத் தொடங்கினாலோ விசிலுக்குக் காத்திருக்க வேண்டும். எனக்கு விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டதாகச் சேத்ரி பிறகு விளக்கினார். நாங்கள் விசிலுக்காகக் காத்திருந்தோம் என்பது எதிர்ப்பக்கத்தின் வாதம். அரை நிமிடம்கூட இல்லாத ஓர் இடைவெளியில் இரண்டு பக்கமும் இரண்டு வேறு ஆட்டங்களில் நின்றுகொண்டிருந்தன.

அந்த வருட வகுப்பில் திருச்சூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். பிளாஸ்டர்ஸ் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டே வகுப்புக்கு வருவாள். கண்டீரவாவின் மேற்குப் பகுதியில் நின்று கத்தும் வெஸ்ட் பிளாக் புளூஸ் கூட்டத்துப் பையன் ஒருவனும் இருந்தான். ஆட்டத்துக்குப் பிறகு ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வகுப்பே இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தது. நான் விவாதம் வைக்கவில்லை. விவாதத்தில் அவரவர் பேச்சு இன்னும் கூர்மையாகுமே தவிர யாரும் நகர மாட்டார்கள். நான்கு வெள்ளைத்தாள் கொடுத்தேன்: நடுவர், சேத்ரி, லூனா, வுகொமனோவிச். அந்தக் கடைசி முப்பது வினாடியில் 'எனக்கு என்ன சொல்லப்பட்டது, நான் என்ன நினைத்துக்கொண்டேன்' என்று தன்மையில் எழுத வேண்டும். சேத்ரியின் தாளைத் திருச்சூர்ப் பெண்ணிடம் கொடுத்தேன். வுகொமனோவிச்சின் தாள் பெங்களூர்ப் பையனுக்கு.

அவன் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. 'என் பையன்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் ஏதாவது செய்ய வேண்டும்' என்று தொடங்கியிருந்தான். படித்துவிட்டு நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். ஒரு தலைவனின் மேல் வந்து விழும் பாரம் அதுதான். அநியாயம் நடந்துவிட்டது என்று நம்பும் பதினோரு பேர் திரும்பிப் பார்க்கும்போது சும்மா நிற்க முடியாது. அந்த மனிதர் வீரர்களோடு நின்றார் என்பதை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவர் செய்தது தவறு என்றே வகுப்பில் சொன்னேன், இன்றும் சொல்வேன். கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கூடுதல் நேரம் 120-ஆவது நிமிடம் வரை. கோல் விழுந்தது 96-இல். இன்னும் சுமார் 24 நிமிடம் ஆட்டம் பாக்கி இருந்தது. சமன் செய்யப் போதுமான நேரம் அது. தன் ஆட்களிடம் இருந்த மிகப் பெரிய சொத்து அந்த 24 நிமிடம், அதை அவர்கள் கையிலிருந்து தலைவரே எடுத்துவிட்டார். கோபத்தை அப்படியே சுமந்துகொண்டு, புரொடெஸ்ட்டைப் பதிவு செய்துவிட்டு, பந்தை நடுக்கோட்டில் வைத்து ஆடச் சொல்லியிருக்கலாம். திருச்சூர்ப் பெண் அழுதுவிட்டாள். ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதே மைதானம், அதே வருடம் ஜூன் 21. தெற்காசியச் சாம்பியன்ஷிப்பில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போதே, த்ரோ எடுக்கப்போன எதிரணி வீரரின் கையிலிருந்த பந்தை நம் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் தட்டிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கினார். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதும் தலைவர் நிதானம் இழப்பார் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் நான் பெருமையோடு சொல்லும் ஒரு பெயர் உண்டு. பாக்கியநாதன் செல்லதுரை. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து கிளம்பி, கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோவிலும் அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட்டிலும் பேராசிரியராக இருந்தவர். உலகம் முழுக்க விளையாட்டு மேலாண்மை வகுப்புகளில் தலைமை பற்றிப் பேசும்போது அவரைத் தொடாமல் போக முடியாது. 1980-இல் சாலே என்பவரோடு சேர்ந்து அவர் தயாரித்த தலைமை அளவுகோலில் 40 வாக்கியங்கள், ஐந்து கூறுகள். பயிற்சி தருவது, கலந்து முடிவெடுப்பது, தானே முடிவெடுப்பது, ஆட்டக்காரரின் நலனைக் கவனிப்பது, நன்றாகச் செய்ததைப் பாராட்டுவது. நம் ஊர்க்காரர் ஒருவர் கட்டிய அடித்தளத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்பது என் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அளவுகோலைவிட எனக்கு அவருடைய மாதிரி முக்கியம். மூன்று விஷயங்களை அவர் பிரித்துக் காட்டுகிறார். சூழ்நிலை தலைவரிடம் எதைக் கேட்கிறது, அணி எதை விரும்புகிறது, தலைவர் உண்மையில் எதைச் செய்கிறார். மூன்றும் பொருந்திவந்தால் ஆட்டமும் நன்றாக இருக்கும், ஆட்டக்காரர்களுக்கு நிறைவும் இருக்கும். நான் சேர்த்துச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த மூன்றுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் பூசல் குடியேறுகிறது.

அனில் கும்ப்ளேயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் மண்ணின் பிள்ளை, தாடை உடைந்த நிலையில் கட்டுப்போட்டுக்கொண்டு 2002-இல் ஆன்டிகுவாவில் பந்து வீசியவர். 2016-இல் இந்தியக் கிரிக்கெட் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அவர் காலத்தில் ஆடிய 17 டெஸ்ட்களில் 12 வெற்றி, தோல்வி ஒன்றே ஒன்று. ஆனாலும் 2017 ஜூனில், சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள் விலகினார். தன் பாணியில் கேப்டனுக்கு உடன்பாடு இல்லை என்று வாரியம் முந்தின நாள்தான் தன்னிடம் சொன்னதாகத் தன் அறிக்கையில் எழுதினார். யார் சரி என்று மாணவர்கள் சண்டை போடத் தொடங்குவார்கள். நான் நிறுத்திவிடுவேன். அறிக்கையில் 'முந்தின நாள்தான்' என்ற இடத்துக்கு அடிக்கோடு போடச் சொல்வேன். ஒரு வருடம் கூடவே வேலை பார்த்த இருவருக்கிடையே இருந்த ஒரு கருத்து, இன்னொருவர் வாய்வழியாக, அந்த நேரத்தில் வந்து சேர்கிறது. யாரு, யாருகிட்ட, எப்ப சொன்னது?

சில பூசல்களில் இரண்டு பக்கமும் முழுக்க நியாயமாகவே இருக்கும். கண்டீரவாவில் புல்தரையைச் சுற்றித் தடகள ஓடுபாதை. கால்பந்துக்காரருக்குத் தரை சீராக இருக்க வேண்டும். ஈட்டியும் வட்டும் வந்து குத்தினால் அது கெடும். தடகளக்காரருக்குத் தினசரிப் பயிற்சி வேண்டும். ஆட்ட நாட்களில் வாசல் மூடப்பட்டால் அவர் எங்கே ஓடுவார்? அந்தச் சச்சரவு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. இதில் வில்லன் யாரும் இல்லை. இருக்கும் ஒரு மைதானத்தில் இரண்டு விளையாட்டுகளின் பசி. நான் மாணவர்களிடம் கேட்பது ஒரு மாத நாட்காட்டி மட்டுமே. எந்த நாள் யாருக்கு, எத்தனை நாள் முன்னால் யாரிடம் சொல்வீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அரை மணியில் முடித்துவிடலாம் என்று உட்காருவார்கள். மூன்று வகுப்பு போகும்.

2025 ஜூன் 4 பற்றியும் எழுத வேண்டும். பதினெட்டு வருடக் காத்திருப்புக்குப் பிறகு ஆர்.சி.பி. அணி ஐ.பி.எல். கிரிக்கெட் கோப்பை வென்ற மறுநாள். சின்னசுவாமி மைதானத்தில் ஏறக்குறைய 35,000 பேர் உட்காரலாம். அன்று அந்தச் சாலைகளில் லட்சக்கணக்கானோர் இருந்தார்கள். யாருக்கு அனுமதி, பாஸ் உண்டா இல்லையா என்பதில் குழப்பம். வாசல்களில் நெரிசல். 11 பேர் இறந்தார்கள், பலர் மிக இளம் வயதினர். என் வகுப்பில் இருந்தவர்களும் அந்தத் தெருக்களில் நின்றிருந்தார்கள். எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்களா என்று இரவு பதினோரு மணிவரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வகுப்பில் பாடம் நடத்தவில்லை. ஒரு கேள்வியை மட்டும் பலகையில் எழுதினேன். மகிழ்ச்சியில் இருக்கும் கூட்டத்திடம், அதைவிட மகிழ்ச்சியில் இருக்கும் மேலிடத்திடம், 'இன்று வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர் உங்களில் யார்? யாரும் கை தூக்கவில்லை. தூக்காததற்காக நான் அவர்களை நேசித்தேன். அது எவ்வளவு கடினம் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

ஒதுங்கும் பழக்கத்தை உடைப்பதற்கு வகுப்பறை போதாது. மைதானத்தில், மேஜைக்கு முன்னால், பிள்ளைகளை நிறுத்த வேண்டும். கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஒரு மாணவி, கோ-கோ ஆடியவள், எங்கள் துறை நடத்திய பள்ளிக் கால்பந்துப் போட்டிக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தாள். காலிறுதியில் தோற்ற அணியின் மேனேஜர் ஒரு மூத்த உடற்கல்வி ஆசிரியர், அவள் அப்பா வயது. எதிரணி கோல்கீப்பர் ஓவர் ஏஜ் என்று கத்திக்கொண்டு வந்தார். நான் இருபது அடி தள்ளி நின்றேன். கால் தானாக முன்னே நகர்ந்தது. நிறுத்திக்கொண்டேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். புரொடெஸ்ட் தாளை அவர் கையாலேயே எழுதவைத்தாள். எழுதும்போது மனிதர் குரல் இறங்கிவிடும். இது நான் நூறு தடவை கண்ட உண்மை. பிறகு நேரே எதிரணி மேனேஜரிடம் போய், முதல் மேனேஜர் எழுதிய வார்த்தைகளையே படித்துக் காட்டினாள். தன் வார்த்தை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் வர வேண்டும், நான்கு மணிக்கு முடிவு சொல்கிறோம் என்று இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி சொன்னாள்.

நான்கு மணிக்குச் சான்று வரவில்லை. பள்ளியிலிருந்து யாரோ ஸ்கூட்டரில் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். நானாக இருந்தால் அது வந்த பிறகு போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பேன். அவள் சரியாக நான்கு மணிக்கு இருவரிடமும் போய், "இன்னும் வரல சார், அரை மணி ஆகும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கொண்டுபோகச் செய்தி எதுவும் இல்லாதபோதும் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றாள். இதை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கே அதுவரை தோன்றியதில்லை.

நாலே முக்காலுக்குச் சான்று வந்தது. கோல்கீப்பர் வயது சரியாகவே இருந்தது. புரொடெஸ்ட் தள்ளுபடி. அந்த மூத்த ஆசிரியர் தாளை இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கீழே கையெழுத்துப் போட்டார். தன் பையன்களை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பி மேஜைக்கு வந்தார்.

"அடுத்த வருஷம் ஃபிக்சர் எப்ப போடுவீங்கன்னு மறக்காம சொல்லும்மா. என் நம்பர் எழுதிக்க."

அவள் நோட்டை எடுத்தாள்.